பூஜ்யம் டிகிரி எந்தப் பக்கம்?

எங்கள் டீமில் சொந்தமாக ஒரு சின்ன டெஸ்க்டாப் டூல்கிட், அதாவது பட்டன், சார்ட் மாதிரியான திரைப் பாகங்களின் (விட்ஜெட்) தொகுப்பு, வைத்திருக்கிறோம். வெளியே யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதிலிருக்கும் பை சார்ட் (வட்டத்தைத் துண்டு துண்டாக, அதாவது ஸ்லைஸாக, பிரித்துக் காட்டும் படம்) விட்ஜெட்டின் டாக்குமென்டேஷனைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. இருந்தது ஒரே ஒரு பக்கம். ஸ்டார்ட் ஆங்கிள் என்றால் தொடக்கக் கோணம், ஸ்லைஸ் கலர் என்றால் ஸ்லைஸின் கலர், இப்படியே கடைசி வரி வரை. ராமசாமி வீடு எங்கே என்று கேட்டால் ராமசாமி குடியிருக்கிற வீடுதான் என்று பதில் சொல்வது மாதிரி.

டாக்ஸைத் திறக்கிறவருக்கு பிராப்பர்ட்டியின், அதாவது ஸ்டார்ட் ஆங்கிள் மாதிரி நாம் மாற்றக்கூடிய அமைப்பின், பெயர் ஏற்கெனவே தெரியும், எடிட்டரே அதைக் காட்டிவிடுகிறது. அவர் வருவது வேறு கேள்விகளோடு. பூஜ்யம் டிகிரி எந்தப் பக்கம் இருக்கிறது, கோணம் கூடினால் கடிகார முள் போகிற திசையில் போகுமா எதிர்த்திசையிலா, மைனஸ் மதிப்பு கொடுத்தால் என்ன ஆகும், எல்லாமே பூஜ்யமாக இருந்தால் எதை எதால் வகுப்பார்கள். இதற்கெல்லாம் பதில் இருந்தால்தான் அது டாக்குமென்டேஷன், இல்லாவிட்டால் வெறும் பெயர்ப் பட்டியல்.

எழுத ஆரம்பிக்கும் முன் மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். கோண விஷயத்தில் க்யூட்டி (Qt) என்கிற டூல்கிட்தான் நல்ல உதாரணம், குழப்பத்துக்கும் சரி, தெளிவுக்கும் சரி. அதன் சார்ட்ஸ் மாட்யூலில் உள்ள க்யூபைசீரீஸில் (ஒரு பை சார்ட்டின் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் கிளாஸ்) 0 டிகிரி என்பது 12 மணி இருக்கும் இடம், முழு வட்டம் 360, அங்கிருந்து கடிகாரத் திசையில் போகும். ஆனால் அதே க்யூட்டியில் படம் வரையும் க்யூபெயின்டரின் டிராபை ஃபங்ஷனை எடுத்தால் 0 டிகிரி 3 மணி இருக்கும் இடம், ப்ளஸ் மதிப்பு என்றால் எதிர்த்திசை, அதோடு அலகு டிகிரியே இல்லை, டிகிரியில் 16-ல் ஒரு பங்கு, அதாவது முழு வட்டத்துக்கு 5760. ஒரே லைப்ரரிக்குள் இரண்டு ஊர் வழக்கம். ஆனாலும் யாரும் பெரிதாகக் குழம்புவதில்லை, ஏனென்றால் இரண்டு பக்கத்திலும் பூஜ்யம் எந்த மணியில் என்று ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடிகாரத்தை வைத்துச் சொன்னதுதான் அதில் அழகு, x அச்சு y அச்சு என்று இழுத்திருந்தால் திரையில் y கீழ்நோக்கிப் போகிற கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜாவா மொழிக்கான டூல்கிட்டான ஜாவாஎஃப்எக்ஸின் பைசார்ட் இதற்கு நேர் எதிர். முதல் துண்டு தொடங்கும் கோணம் என்கிற அளவில் விளக்கம் முடிந்துவிடுகிறது. போட்டுப் பார்த்தால்தான் தெரியும், பூஜ்யம் 3 மணியில், துண்டுகள் டீஃபால்ட்டாகக் கடிகாரத் திசையில் அடுக்கப்படுகின்றன, ஆனால் ஸ்டார்ட் ஆங்கிளைக் கூட்டினால் தொடக்கப் புள்ளி மட்டும் எதிர்த்திசையில் நகர்கிறது. அதனால் 12 மணியிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் 90 கொடுக்க வேண்டும், மைனஸ் 90 அல்ல. ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை பேருக்கு எத்தனை மணி நேரம் மிச்சம்.

அடுத்தது மதிப்புகள். பை சார்ட்டில் மைனஸுக்கு அர்த்தமே கிடையாது, ஆனாலும் டேட்டாபேஸிலிருந்து மைனஸ் வரத்தான் செய்யும். க்யூட்டி அதைப் ப்ளஸ்ஸாக மாற்றிக்கொள்கிறது, ஒரு துண்டைக் குறிக்கும் க்யூபைஸ்லைஸ் கிளாஸின் பக்கத்தில் குறிப்பாகவும் எழுதியிருக்கிறது. ஜாவாஎஃப்எக்ஸும் உள்ளே குறியைக் கழற்றிவிட்டுத்தான் வரைகிறது, அதைத் தெரிந்துகொள்ள நான் சோர்ஸ் கோடுக்குப் போக வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், ஒரு கிளையில் 20 லட்சம் லாபம், இன்னொன்றில் 20 லட்சம் நஷ்டம், சார்ட்டில் இரண்டும் ஒரே அளவு துண்டு. எர்ரர் வராது, கிராஷ் ஆகாது, மீட்டிங்கில் யாருக்கும் சந்தேகமும் வராது. இந்த மாதிரி சத்தமில்லாமல் தப்பாகும் இடங்களைத்தான் டாக்ஸில் தடித்த எழுத்தில் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் இதைத்தான் முதல் பத்தியாக வைத்தேன், நிறம் மாற்றுவது எப்படி என்பதெல்லாம் அப்புறம்.

பெர்சன்டேஜ் என்கிற பெயர் தனிக் கூத்து. க்யூபைஸ்லைஸில் அந்த பிராப்பர்ட்டி தருவது 0 முதல் 1 வரையான எண். லேபிளில் அப்படியே ஒட்டி சதவீதக் குறி போட்டால் கால்வாசித் துண்டு 0.25 சதவீதம் என்று வந்து நிற்கும். பெயரை இனி மாற்ற முடியாது, ஏற்கெனவே எழுதின கோடெல்லாம் உடையும். அதனால் டாக்ஸ்தான் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும், 100-ஆல் பெருக்கும் ஒரு வரி கோடோடு சேர்த்து.

லேபிள் வைக்கும் இடத்தை எழுத்தில் விளக்கவே முடியாது என்பது என் கட்சி. க்யூட்டியில் நான்கு விதம்: துண்டுக்கு வெளியே, உள்ளே கிடைமட்டமாக, உள்ளே வில்லின் தொடுகோட்டுக்கு இணையாக, உள்ளே செங்கோட்டுக்கு இணையாக. பத்தாம் வகுப்பு வடிவியல் ஞாபகம் இருப்பவர்கள்கூட கடைசி இரண்டையும் மனசுக்குள் வரைந்து பார்க்கத் திணறுவார்கள். நான்கு துண்டு உள்ள ஒரே சார்ட், ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதம், லேபிளின் எழுத்தே அந்த விதத்தின் பெயர். வேலை முடிந்தது. படத்துக்கு மாற்று உரையும் எழுதுங்கள், ஸ்கிரீன் ரீடரில் படிக்கிற புரோகிராமர்கள் இருக்கிறார்கள்.

தகவல் இருந்தும் தவறான பக்கத்தில் இருப்பது இன்னொரு வகை. க்யூட்டி சார்ட்டில் தீம் மாற்றினால் அதற்கு முன் நாம் துண்டுகளுக்குப் போட்ட நிறமெல்லாம் போய்விடும். இது டாக்ஸில் இருக்கிறது, ஆனால் முழு சார்ட்டுக்கான க்யூசார்ட் பக்கத்தில். துண்டுக்கு நிறம் போடுகிறவர் படிப்பது க்யூபைஸ்லைஸ் பக்கத்தை. அவர் கண்ணில் அது எப்படிப் படும்? எந்த இடத்தில் கை சுடுமோ அங்கேயும் ஒரு வரியும் லிங்க்கும் வேண்டும், ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதினால் என்ன குறைந்துபோகும். மெமரி விஷயமும் அப்படித்தான்: ரிமூவ் செய்தால் துண்டு அழியும், டேக் (take, வெளியே எடுப்பது) செய்தால் அழியாது, ஆனால் அதன் பேரன்ட், அதாவது சொந்தக்காரர், பழைய சீரீஸாகவே இருக்கும், நாம்தான் மாற்ற வேண்டும்.

உதாரணத்துக்கு வருவோம், எல்லோரும் முதலில் காப்பி அடிப்பது அதைத்தானே. க்யூட்டியின் எளிய பை சார்ட் உதாரணத்தில் ஜேன், ஜோ, ஆண்டி, பார்பரா, ஆக்சல் என்று ஐந்து பெயர், மதிப்பு 1 முதல் 5 வரை, இரண்டாவது துண்டு மட்டும் பச்சையாக வெளியே தள்ளி நிற்கும். கூட்டினால் 15. அதாவது மதிப்புகளை நாமே சதவீதமாக்கி 100-க்குக் கொண்டுவரத் தேவையில்லை, விட்ஜெட்டே பார்த்துக்கொள்ளும் என்பதை அந்த உதாரணம் காட்டுகிறது, ஆனால் அதை ஒருவர் தானாகக் கவனித்தால்தான் உண்டு. நான் எங்கள் உதாரணத்திலும் வேண்டுமென்றே 100 வராத எண்களை வைத்து, பக்கத்திலேயே கமென்ட்டாக அதைச் சொல்லிவிட்டேன். அந்த உதாரணம் தனி ஃபைலாக இருக்கிறது, ஒவ்வொரு பில்டிலும் கம்பைல் ஆகிறது, டாக்ஸ் அதிலிருந்துதான் வரிகளை எடுத்துக்கொள்கிறது.

பை சார்ட்டையே பயன்படுத்தாதே என்று பக்கத்தின் தலையில் எழுதச் சொல்லி ரிவ்யூவில் ஒருவர் கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, கோணத்தை விட, பார் சார்ட்டில் இருப்பது போல ஒரே அளவுகோலில் உள்ள இடத்தை மனிதர்கள் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள் என்று புள்ளியியல் ஆய்வாளர்கள் கிளீவ்லண்டும் மெக்கிலும் 1984-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். ஆனால் விட்ஜெட்டைத் தேடி வந்தவரிடம் பிரசங்கம் செய்தால் அவர் அடுத்த வரியைப் படிக்க மாட்டார். துண்டுகள் அதிகமானால், அல்லது அளவுகள் கிட்டத்தட்ட சமமாக இருந்தால், பார் சார்ட் பக்கத்தைப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். பார் சார்ட் பக்கத்தைப் போய்ப் பார்த்தால் அங்கேயும் பார் விட்த் என்றால் பாரின் அகலம் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆக அடுத்த வேலை அது.