பதின்மூன்று வார வேலை: பயண ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக என் முதல் ஆண்டு

அமெரிக்காவில் நிலையான ஆட்கள் கிடைக்காத மருத்துவமனைகளுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும், வழக்கமாகப் 13 வாரங்களுக்கு ஒப்பந்தமாகிப் போய், முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த மாநிலத்துக்கு நகரும் தெரபிஸ்டுகளை 'டிராவலர்' என்று அழைக்கிறார்கள். நோயாளிகள் உடுத்துதல், குளித்தல் போன்ற அன்றாட வேலைகளைத் தாங்களே மீண்டும் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை செய்த பிறகு நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். வேலைக்கான எச்-1பி விசாவில் இருந்தவரை இதை நினைத்துப் பார்க்கவே வழியில்லை. பணியிடம் வேறொரு பெருநகரப் பகுதிக்கு மாறினால், வேலை கொடுப்பவர் விசா மனுவையே திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். பிசியோதெரபிஸ்டுகளும் செவிலியர்களும் 'ஷெட்யூல் ஏ' என்ற பட்டியலில் இருப்பதால் அவர்களுடைய கிரீன் கார்டு மனுவில் தொழிலாளர் துறையின் நீண்ட கட்டம் ஒன்று குறைகிறது. நம் தொழில் அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்கு இன்றும் இருக்கும் மனக்குறை. கணவரின் மனு வழியாகக் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் டிராவலர்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்சிகளின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன்.

முதல் வேலை உரிமம். எங்கள் தொழிலின் தேசியச் சான்றளிப்பு அமைப்பான என்பிசிஓடி நடத்தும் தேர்வில் ஒருமுறை தேறிவிட்டால் அது நாடு முழுவதற்கும் செல்லும். ஆனால் நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை தருவதற்கான உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத்தான் வழங்குகிறது. என்னிடம் டெக்சாஸ் உரிமம் இருந்தது. அதற்காகக் கைரேகை பதித்து, மாநிலச் சட்டம் குறித்த ஒரு தேர்வும் எழுதியிருந்தேன். கான்சாஸில் இந்த உரிமத்தை மருத்துவர்களுக்கும் உரிமம் வழங்கும் வாரியமே தருகிறது. தேர்வு மதிப்பெண் என்பிசிஓடியிலிருந்து நேராக அங்கே போக வேண்டும். டெக்சாஸ் உரிமத்துக்கான சான்று டெக்சாஸ் வாரியத்திலிருந்து நேராகப் போக வேண்டும். நான் அனுப்பும் நகல்களுக்கு மதிப்பில்லை. உரிமங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ள மாநிலங்கள் செய்துகொண்டிருக்கும் ஓடி காம்பாக்ட் என்ற உடன்படிக்கை எனக்குப் பயன்படும் நிலைக்கு அப்போது வரவில்லை. போக விரும்பும் மாநிலத்தை முதலில் முடிவு செய்து, வேலை தேடுவதற்கு முன்பே உரிமத்துக்கு விண்ணப்பிப்பது நல்லது. கையில் உரிமம் இல்லாதவருடைய விண்ணப்பத்தைப் பல இடங்களில் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

காசநோய்ப் பரிசோதனை, தட்டம்மைக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவுகள், அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி பெற்றதற்கான பிஎல்எஸ் அட்டை, போதைப்பொருள் சோதனை, பின்னணி விசாரணை என்று காகிதங்கள் தொடர்ந்து வந்தன. இவற்றை ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஏஜென்சிக்கும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏஜென்சிகளுக்காக ஆள் பிடிக்கும் ரெக்ரூட்டர்கள் இருவரோடு பேசுவது தவறில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் என் பெயரை எந்த இடத்துக்கும் அனுப்பக் கூடாது என்று இருவரிடமும் எழுத்தில் பெற்றுக்கொண்டேன். ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்சிகள் ஒரே பெயரை அனுப்பினால், யாருக்குத் தரகு என்ற சச்சரவைத் தவிர்க்க அந்த இடத்தார் விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடக்கூடும்.

சம்பளக் கணக்கு முதலில் எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. வாரச் சம்பளம் என்று சொல்லப்படும் தொகையில் ஒரு பகுதி வரிக்குரிய மணிநேர ஊதியம். மறு பகுதி தங்குவதற்கும் உணவுக்கும் தரப்படும் வரியில்லாப் படி. இந்தப் படிக்கான உச்சவரம்பாக ஜிஎஸ்ஏ என்ற அரசு அமைப்பு ஊர்வாரியாக நிர்ணயிக்கும் தொகையைத்தான் ஏஜென்சிகள் எடுத்துக்கொள்கின்றன. தனி விகிதம் இல்லாத ஊர்களுக்கு 2025 நிதியாண்டில் அது ஒரு நாளுக்குத் தங்க 110 டாலர், உணவுக்கும் சில்லறைச் செலவுக்கும் 68 டாலர். ஆனால் சொந்த ஊரில் உண்மையாகவே ஒரு வீட்டுக்கான செலவைச் செய்துகொண்டு, வேலை செய்யும் ஊரிலும் செலவு செய்பவருக்குத்தான் இது வரியில்லாமல் கிடைக்கும். டல்லாஸில் எங்கள் வீட்டுக் கடனை நாங்கள் கட்டிக்கொண்டிருந்ததால் எனக்குச் சிக்கல் இல்லை. பெற்றோர் வீட்டு முகவரியை மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டுப் படி வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வரித்துறை கணக்குக் கேட்கும் நாளில் அவர்களுக்குத் துணைக்கு எந்த ரெக்ரூட்டரும் வரமாட்டார். மணிநேர ஊதியத்தைக் குறைத்துப் படியைக் கூட்டிக் காட்டும் ஒப்பந்தம் கையில் அதிகப் பணம் தருவது போலத் தோன்றினாலும், அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியின் கணக்கும், வீட்டுக் கடனுக்கு வங்கி பார்க்கும் வருமானமும் அந்தக் குறைந்த ஊதியத்தின் மீதே அமையும்.

இவ்வளவும் தெரிந்தும் முதல் ஒப்பந்தத்தில் ஏமாந்தேன். நான் விலக வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு, அவர்கள் என்னை விலக்க 14 நாள் போதும் என்று அதில் இருந்ததைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன்; அப்படியெல்லாம் நடக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது வாரத்தில் அந்த மையத்துக்கு நிரந்தர ஆள் கிடைத்துவிட்டார். மூன்று மாத வாடகைக்கு ஒப்புக்கொண்ட வீட்டில், வேலையில்லாமல், மீதி வாடகைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு இரு தரப்புக்கும் 30 நாள், நோயாளிகள் குறைந்தாலும் வாரத்துக்கு 36 மணி நேரச் சம்பளம் உறுதி என்ற இரண்டையும் கேட்டுப் பெற்றேன். வீட்டையும் மாதவாடகைக்கே எடுத்தேன். கேட்டவுடன் இவற்றை ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் முதல்முறை கேட்காமல் விட்டதைவிட அதிகமாக உறுத்தியது.

அந்த இரண்டாவது வேலை மேற்குக் கான்சாஸில், கார்டன் சிட்டிக்கு மேற்கே ஒரு சிறிய ஊரில் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்கள் வீடு திரும்புமுன் தங்கும் மையம் அது. ஏப்ரல் தொடக்கத்தில் நான் காரில் போய்ச் சேர்ந்தபோது குளிர்காலக் கோதுமை பச்சையாக இருந்தது. பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது அரை நாள்: கணினியின் கடவுச்சொல், மருந்தறை எங்கே, யாருக்கு எந்த மேசை. மதியமே இரண்டு புதிய நோயாளிகளை மதிப்பீடு செய்யச் சொன்னார்கள். டிராவலருக்கு அதுதான் வழக்கம். பழக நேரம் தருவதற்காக யாரும் அதிகச் சம்பளம் கொடுப்பதில்லை.

புரொடக்டிவிட்டி 90 சதவீதம் என்றார்கள். எட்டு மணி நேரத்தில் 7 மணி 12 நிமிடம் சிகிச்சைக் கணக்கில் வர வேண்டும். குறிப்பு எழுதவும், செவிலியரைத் தேடிப் பேசவும், அறைக்கு அறை நடக்கவும் மிஞ்சுவது 48 நிமிடம். 2019 அக்டோபர் 1 முதல், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், தெரபி நிமிடங்களை எண்ணி மையங்களுக்குப் பணம் தரும் முறையைக் கைவிட்டு, நோயாளியின் நிலையை வைத்துத் தரும் பிடிபிஎம் முறைக்கு மாறிவிட்டது. ஆனாலும் நிமிடக் கணக்கு மட்டும் நம்மை விடவில்லை. நோயாளியின் அருகில் அமர்ந்து, அவர் பல் துலக்கும்போதே குறிப்பின் பாதியை எழுதிவிடப் பழகிக்கொண்டேன். செய்யாத நிமிடத்தை எழுதுவதில்லை என்பதையும் முதல் வாரத்திலேயே பொறுப்பாளரிடம் பணிவாகச் சொல்லிவிட்டேன். அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

எனக்குக் கீழே ஓர் உதவித் தெரபிஸ்ட் இருந்தார். சட்டப்படி அவருடைய பணியை நான் மேற்பார்வையிட வேண்டும். நடைமுறையில் அந்த ஊரை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். கான்சாஸின் மேற்கு எல்லையில் நான்கு கவுண்டிகள் (மாவட்டங்கள்) மட்டும், மாநிலத்தின் மற்ற பகுதியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய மவுண்டன் நேரத்தில் இயங்குகின்றன என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் ஒரு குடும்பத்தாரைப் பயிற்சிக்கு வரச்சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் வீணாகக் காத்திருந்தேன்.

இடுப்பு மூட்டு மாற்றப்பட்ட ஒரு கோதுமை விவசாயி என் பொறுப்பில் வந்தார். எண்பதை நெருங்கியவர். பின்புறமாகக் கீறிச் செய்த அறுவை என்பதால் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, உட்புறமாகத் திருப்பக் கூடாது. முதல் மூன்று நாட்களுக்குள் பதிய வேண்டிய, நோயாளி எவ்வளவு தானாகச் செய்கிறார் என்பதைக் காட்டும் ஜிஜி மதிப்பெண்ணில், காலணி அணிதலுக்கு 2 போட்டேன். 1 என்றால் முழுக்க அடுத்தவரைச் சார்ந்திருப்பது, 6 என்றால் தானாகவே செய்துகொள்வது. வழக்கம்போலக் கட்டிலில் உட்காரவைத்து, காலுறை மாட்டும் கருவியையும் நீளக் கைப்பிடி கொண்ட ஷூ கொம்பையும் கொடுத்தேன். இரண்டு நாள் மரியாதைக்காகச் செய்தார். மூன்றாம் நாள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"உங்கள் வீட்டில் காலணியை எங்கே போடுவீர்கள்?" என்று அப்போதுதான் கேட்டேன். அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து அவர் வாழ்நாளில் காலணி போட்டதே இல்லையாம். பின்வாசலை ஒட்டி, சேற்றோடு வருபவர்களுக்கென்றே ஒரு சிறிய அறை. அதில் ஒரு மரப்பெஞ்சு. தரையில் 'வி' போல வெட்டிய ஒரு பலகை. அந்த வெட்டில் குதிகாலைக் கொடுத்து இழுத்தால் குனியாமலே பூட்ஸ் கழன்றுவிடும். மகனிடம் பெஞ்சின் உயரத்தை அளந்துவரச் சொன்னேன். பலகையையும் கொண்டுவரச் சொன்னேன். பெஞ்சு தாழ்வாக இருந்ததால் அதன் கால்களுக்கு அடியில் கட்டைகள் வைக்க ஏற்பாடாயிற்று. பலகையில் கழற்றும்போது பாதத்தை உட்பக்கம் முறுக்காமல் நேராக இழுக்க, வாக்கரைப் பிடித்தபடி பயிற்சி கொடுத்தேன். ஒன்பதாவது வாரம் வீடு திரும்பியபோது அந்த மதிப்பெண் 6 ஆகியிருந்தது.

உள்ளூர்க்காரியாக இருந்திருந்தால் அந்த அறையைப் பற்றித் தெரிந்திருக்கும், கேட்டிருக்க மாட்டேன். அதே காரணத்தால் மற்ற வீடுகளும் அப்படியே இருக்கும் என்று எண்ணியிருப்பேன் என்றும் தோன்றுகிறது. அதன்பின் மதிப்பீட்டுப் படிவத்தின் ஓரத்தில் ஐந்து கேள்விகளைக் கையால் எழுதிவைத்தேன்: எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் போவீர்கள், எங்கே உட்கார்ந்து உடை மாற்றுவீர்கள், முதல் தேநீரோ காபியோ யார் போடுவது, இரவில் எழுந்தால் விளக்கு எந்தப் பக்கம், வீட்டில் யாருக்கும் தெரியாமல் செய்ய நினைக்கும் வேலை எது. கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில்தான் விழுந்து அடிபடும் ஆபத்துகள் பெரும்பாலும் ஒளிந்திருந்தன.

ஜூன் கடைசியில் அறுவடை தொடங்கியபோது என் 13 வாரம் முடிந்தது. இன்னொரு 13 வாரம் நீட்டிக்கச் சொன்னார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் ஒரே இடத்தில் இருப்பதாகத் திட்டமிடாதவரை படிக்குப் பாதிப்பில்லை என்பதால் அதில் தடையில்லை. ஆனால் மகளின் பள்ளி விடுமுறை முடியுமுன் வீடு போக விரும்பினேன். உதவித் தெரபிஸ்ட் அந்த ஐந்து கேள்விகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்து நியூ மெக்சிகோ உரிமத்துக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது, இதுவரை உரிமம் பெற்ற மாநிலங்களை எழுதும் இடத்தில் டெக்சாஸுக்குக் கீழே கான்சாஸையும் சேர்த்தேன். இனி சான்று கேட்டு எழுத வேண்டிய வாரியங்கள் இரண்டு.