பெர்லினில் ஆதி தாளம்

பக்கத்து இருக்கைப் பாட்டி என் மணிக்கட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. புன்னகையோடு ஒரே ஒரு விரல். அப்போதுதான் கவனித்தேன், என் வலது கை தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

இடம் பெர்லின் ஃபில்ஹார்மோனி. ஹான்ஸ் ஷரூன் வடிவமைத்து 1963-இல் திறந்த அரங்கம். நடுவில் மேடை, சுற்றிலும் அடுக்கடுக்காகச் சனம், நம்மூர்க் கோயில் கச்சேரி மாதிரி. ஒற்றுமை அத்தோடு சரி. வாசித்துக்கொண்டிருந்தது பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி, இரண்டாம் பகுதி. நெடிலாக ஒன்று, குறிலாக இரண்டு, மறுபடி நெடிலாக இரண்டு என்று ஒரே நடை திரும்பத் திரும்ப வரும். இரண்டு முறை வந்தால் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, ஆதி தாளத்தின் ஒரு சுற்று. தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கச்சிதமாக உட்காருகிறது. இதற்குக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க யாரால் முடியும்?

இங்கே ஒரு பகுதி முடிந்தாலும் கைதட்டக் கூடாது. அந்த இடைவெளியில், அதுவரை அடக்கி வைத்த இருமலை எல்லோரும் ஒரே சமயத்தில் இருமித் தீர்ப்பார்கள். இருமலுக்கு உள்ள சலுகை 'பலே'வுக்கு இல்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், 1813-இல் வியன்னாவில் இந்தச் சிம்பொனி அரங்கேறியபோது ஜனங்கள் ஆரவாரம் செய்து இதே இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்க வைத்திருக்கிறார்கள். அப்புறம் யார் வந்து வாயைக் கட்டினது?

சரி, வீட்டிலேயே கேட்கலாம் என்றால் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் வரக் கூடாது. காதில் மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் தாளம் போட்டால், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையில் பதில் தாளம் போடுகிறார். காலப்பிரமாணம் சுத்தம்.

ஆறு வருடத்தில் எல்லாம் பழகிவிட்டது. குளிர், நாலு மணி இருட்டு, ஞாயிற்றுக்கிழமை அடைத்த கடை, எதுவும் இப்போது உறைப்பதில்லை. கையை அடக்குவது மட்டும்தான் பழகவில்லை. திருச்சி வானொலியில் கச்சேரி வந்தால் அப்பா சாய்வு நாற்காலியின் கையில் தாளம் போடுவார். போட்டுப் போட்டு அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருக்கும். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்றதும் சபாவில் பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்துவிடும். அப்பா வீட்டில்கூட நகர மாட்டார். அம்மா காபி கொண்டுவந்து நின்றால் இடது கையால் வாங்குவார், வலது கை ஓடிக்கொண்டே இருக்கும்.

பாட்டி விஷயத்தை அப்பாவிடம் போனில் சொன்னேன். "தாளம் போடக் கூடாதுன்னா அப்புறம் எதுக்குடா டிக்கெட்?" என்றார்.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன். பனிக்கால பூட்ஸுக்குள் கால் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தேன், வெளியே தெரியவில்லை. சுண்டு விரல்தான் தனியாக அசைய மாட்டேன் என்கிறது.