ஒரே இரவில் மாறிய மன்னரும் ஒரு பேராசிரியரும்

நெதர்லாந்தின் மன்னராட்சி இன்றும் நீடிப்பதற்கு யாருக்கேனும் நன்றி சொல்ல வேண்டுமென்றால், அரச குடும்பம் அவ்வளவாக விரும்பாத யோகான் ருடால்ஃப் தோர்பெக்கே என்ற அரசியல்வாதிக்கே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 1798இல் ஸ்வோல்லே நகரில் பிறந்த இவர், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்தபோது, நெதர்லாந்திலிருந்து பிரியும் பெல்ஜியப் புரட்சி வெடித்ததால் அங்கிருந்து வெளியேறி, லைடனில் பேராசிரியரானார்.

1844இல் இவரும் வேறு எட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் முன்வைத்த அரசியலமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. ஆனால் 1848இல் ஐரோப்பாவெங்கும் அரியணைகள் ஆட்டம் கண்டபோது, ஒரே இரவில் பழமைவாதியிலிருந்து தாராளவாதியாக மாறிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட மன்னர் இரண்டாம் வில்லியம், அரசியலமைப்பைத் திருத்தும் குழுவின் தலைமையை இவரிடமே ஒப்படைத்தார். அரசின் செயல்களுக்கு மன்னரல்ல, அமைச்சர்களே பொறுப்பு என்ற விதியும், கீழவைக்கு நேரடித் தேர்தலும் அவ்வாறுதான் வந்தன. வாக்குரிமை மட்டும் போதிய வரி செலுத்திய ஆண்களுக்கே கிடைத்தது.

பின்னர் மூன்று முறை அமைச்சரவைக்குத் தலைமை தாங்கினார். கத்தோலிக்க மறைமாவட்டங்களை மீண்டும் நிறுவ இடமளித்ததற்குச் சீர்திருத்தத் திருச்சபையினரிடையே எழுந்த பெரும் எதிர்ப்பால் 1853இல் பதவி விலக நேர்ந்தது.

1871இல் அலெட்டா ஜேக்கப்ஸ் என்ற இளம்பெண், குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் படிக்க அனுமதி கேட்டு, அப்போது மீண்டும் அமைச்சரவைத் தலைவராக இருந்த இவருக்கு எழுதினார். அனுமதி கிடைத்தது; ஆனால் பதில் கடிதம் அவருடைய தந்தையின் பெயருக்கே சென்றது! அடுத்த ஆண்டு ஜூன் மாதம், பதவியில் இருக்கும்போதே தோர்பெக்கே ஹேக் நகரில் காலமானார்.