கலிபோர்னியாவில் விவாகரத்து: என்னுடைய 14 மாதங்கள்

வழக்கறிஞரை முதன்முறை பார்க்கப் போனபோது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். 11 ஆண்டுகளில் மனம் நொந்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது. எந்த விசேஷத்தில் கணவர் என்ன சொன்னார், எத்தனை நாள் பேசாமல் இருந்தார், என் அம்மா வந்திருந்தபோது என்ன நடந்தது. இரண்டு இரவுகள் கண் விழித்து எழுதியது. வழக்கறிஞர் அம்மையார் அதை மரியாதையோடு வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மூன்று தேதிகள் கேட்டார். கல்யாணம் என்று? பிள்ளை பிறந்தது என்று? பிரிந்தது என்று?

மற்றது எதுவும் வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கலிபோர்னியாவில் 1970 முதல் விவாகரத்துக்கு யார் மீதும் குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. ‘தீர்க்க முடியாத வேறுபாடுகள்’ என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டால் போதும். அன்று எனக்கு வந்தது நிம்மதி இல்லை, அழுகை. யாராவது உட்கார வைத்து ‘உனக்கு என்னம்மா நடந்தது?’ என்று கேட்பார்கள் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

மனுப் போட மாநிலத்தில் 6 மாதமும், மாவட்டத்தில் 3 மாதமும் குடியிருந்திருக்க வேண்டும். விசா என்ன, கிரீன் கார்டு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கணவரின் விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தீர்ப்பு வரும் நாளோடு அந்தத் தகுதி போய்விடும். மனுப் போடும் முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள்.

2022 பிப்ரவரியில் சான் ஹோசேயில் மனுவைத் தாக்கல் செய்தேன். கட்டணம் 435 டாலர். பதில் மனுப் போடும்போது எதிர்த்தரப்பும் அதே அளவு கட்ட வேண்டும்; கட்ட வழியில்லாதவர்கள் விலக்குக் கேட்கலாம். தாள்களை நானே அவர் கையில் கொடுக்கக் கூடாது, வழக்கில் இல்லாத 18 வயது நிரம்பிய ஒருவர்தான் கொடுக்க வேண்டும். என் தோழி கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில். அவர் வாங்கிக்கொண்டு, “காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று சொன்னாராம். அவள் காருக்கு வந்து அழுதாள். அந்த நாளிலிருந்து 6 மாதம் முடியும்வரை திருமணம் சட்டப்படி முடிவுக்கு வராது. பதில் போட அவருக்கு 30 நாள்.

சம்மனின் பின்பக்கத்தைத் தயவுசெய்து படியுங்கள். நான் படிக்கவில்லை. மனுப் போட்ட நிமிடத்திலிருந்து எனக்கும், சம்மன் கையில் கிடைத்ததும் அவருக்கும் சில தடைகள் தானாகவே வந்துவிடுகின்றன. மற்றவரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் பிள்ளையை மாநிலத்துக்கு வெளியே கூட்டிப்போகக் கூடாது, அவனுக்குப் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக் கூடாது, காப்பீட்டில் பெயரை மாற்றக் கூடாது, சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. ஜூன் மாதம் கும்பகோணம் போக மகனுக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். நான் போட்ட வழக்கே என் கையைக் கட்டியது.

சொத்துக்கு வருகிறேன். கல்யாணத்திலிருந்து பிரிந்த நாள்வரை இருவரில் யார் சம்பாதித்திருந்தாலும் அது பொதுச் சொத்து, சரிபாதி. கடனும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன் இருந்தது, பெற்றோர் கொடுத்தது, பரம்பரையாக வந்தது, பிரிந்த பின் சம்பாதித்தது ஆகியவை தனிச் சொத்து. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எங்களுக்குச் சிக்கல் வந்தது ‘பிரிந்த நாள்’ என்ற இடத்தில். அவர் 2021 ஆகஸ்ட் என்றார், பெரிய சண்டை நடந்த மாதம். நான் நவம்பர் என்றேன். நடுவில் செப்டம்பரில், வேலைக்காக நிறுவனம் அவருக்குத் தவணையாகத் தரும் பங்குகளில் ஒரு பெரிய பகுதி கைக்கு வந்திருந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே பிரிந்திருக்க முடியும் என்று 2017 முதல் சட்டம் ஏற்கிறது. ஆனால் ஒருவர் ‘முடிந்துவிட்டது’ என்பதைத் தெரியப்படுத்தியிருக்க வேண்டும், நடத்தையும் அதற்குப் பொருந்த வேண்டும். அக்டோபரில் மூவரும் மலைக்குச் சுற்றுலா போன படங்கள் இருந்தன. நவம்பரில் நான் அவருக்கு எழுதிய மின்னஞ்சல் இருந்தது. நவம்பர் நின்றது. அதன் பிறகு கைக்கு வந்த பங்குகளிலும், பிரிவதற்கு முன் வேலை செய்த காலத்தின் விகிதப்படி ஒரு பகுதி பொதுச் சொத்தாகவே கணக்கிடப்பட்டது. 401 கே ஓய்வுக்காலச் சேமிப்பைப் பிரிக்கத் தனியாக ஓர் உத்தரவு வேண்டும். தீர்ப்பு வந்துவிட்டது என்று அதை விட்டுவிடாதீர்கள்.

2015இல் வீடு வாங்கியபோது, முன்பணத்துக்காக அப்பா திருவிடைமருதூர் பக்கம் இருந்த நிலத்தை விற்று 40,000 டாலர் அனுப்பினார். எனக்குக் கொடுத்த பணம் என்பதால் அது என் தனிச் சொத்து, வீட்டைப் பங்கிடும் முன் எனக்குத் திரும்பி வர வேண்டும். ஆனால் அந்தப் பணம் வந்த வழியைத் தாளில் காட்ட வேண்டும். 75 வயதில் அப்பா கும்பகோணத்து வங்கிக்கு மூன்று நாள் நடந்து பழைய கணக்கு விவரத்தை வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் தெரிந்தது. எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. வீட்டின் விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் போட்ட தொகை மட்டுந்தான் திரும்பக் கிடைக்கும். வட்டி இல்லை, விலை ஏற்றத்தில் பங்கு இல்லை. அப்பாவின் நிலத்துக்கு அது போதாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இருவரும் எல்லாச் சொத்தையும் கடனையும் எழுதிப் பரிமாறிக்கொள்ள வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது, மறைத்தது பின்னால் தெரிய வந்தால் தண்டனை கடுமை. அந்தப் படிவத்தில் நகைக்கு ஒரு வரி இருக்கிறது. சமையலறை மேடையில் மாவு நிறுக்கும் தராசை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். அம்மா போட்ட 32 பவுன், சந்தேகமில்லை, என்னுடையது. ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கு அவர் வாங்கித் தந்த ஆரம்? கணவன் மனைவிக்கு வாங்கித் தரும் நகை, குடும்பத்தின் வசதிக்குப் பார்த்தால் பெருமதிப்பு இல்லை என்றால்தான் எழுத்து இல்லாமலே அவளுடையதாகும். ஆகவே அதை மதிப்பிட வேண்டியிருந்தது. தாலிக்கொடியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அன்று இரவு பட்டியலை மூடி வைத்துவிட்டேன். மறுநாள் ‘சங்கிலி, 7 பவுன்’ என்று எழுதினேன். சில வாரங்கள் கழித்து அவருடைய பட்டியல் வந்தது. அதில் அவரும் அதை எழுதியிருந்தார். பக்கத்துக் கட்டத்தில், மனுதாரரின் தனிச் சொத்து என்று குறித்திருந்தார். மனுதாரர் நான்தான்.

மகனைப் பற்றிய பேச்சு இதைவிடக் கடினம். நீதிபதி கேட்பதற்கு முன் சமரசப் பேச்சுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். படிப்பு, மருத்துவம் போன்ற முடிவுகளை எடுக்கும் உரிமை ஒன்று, பிள்ளை யாரிடம் இருப்பான் என்பது வேறொன்று. முதலாவது இருவருக்கும் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. இரண்டாவதில், திங்கள், செவ்வாய் என்னிடம், புதன், வியாழன் அவரிடம், வெள்ளி முதல் ஞாயிறுவரை மாறி மாறி என்று முடிந்தது. அவனுக்கான ஜீவனாம்சம், இருவரின் வருமானத்தையும் அவன் யாரிடம் எத்தனை சதவீத நேரம் இருக்கிறான் என்பதையும் வைத்து, மாநிலத்தின் சூத்திரப்படி கணக்கிடப்படுகிறது. நாளும் பணமும் இப்படிப் பின்னிக் கிடப்பதால், பாசத்துக்காகக் கேட்கும் ஒரு நாள்கூடப் பணத்துக்காகக் கேட்பதுபோல் மற்றவருக்குத் தோன்றிவிடுகிறது. எங்களுக்கும் தோன்றியது.

என்னை உடைத்தது இந்தியப் பயணம். பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அங்கே போய்த் திரும்பாவிட்டால் அந்த உடன்படிக்கையின் வழியாகப் பிள்ளையைத் திரும்பப் பெற முடியாது. அவருடைய வழக்கறிஞர் இதை எழுத்தில் வைத்து, நான் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடும் ஆபத்து உண்டு என்றார். தாத்தா பாட்டியிடம் கூட்டிப்போக ஆசைப்பட்டவளைப் பார்த்து அந்தச் சொல்! அந்தத் தாளை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு யோசித்தால், அவர் இடத்தில் இருந்தால் நானும் பயந்திருப்பேன். பேசி முடித்தோம். 45 நாள் முன்னதாகப் பயண விவரம், திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, ஒரு பிணைத் தொகை, பாஸ்போர்ட் பயணம் இல்லாத காலத்தில் அவரிடம். அவன் வழக்கமாக வாழும் நாடு அமெரிக்கா என்பதும் உத்தரவில் எழுதப்பட்டது. இதை எழுதாமல் எந்த உத்தரவிலும் கையெழுத்துப் போடாதீர்கள், நீங்கள் எந்தத் தரப்பாக இருந்தாலும்.

சென்னையில் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொண்டோம். இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்துக்கு வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது செல்லும் என்று 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. ஒருதலைப்பட்சமாக வாங்கிய தீர்ப்பு அங்கே நிற்பது கடினம். இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது எங்களுக்கு உதவும் என்றார்.

விடுமுறைப் பட்டியலைக் கடைசியாக நிரப்பினோம். அச்சடித்த படிவத்தில் கிறிஸ்துமஸ் இருந்தது, நன்றி நவிலும் நாள் இருந்தது. கீழே இருந்த வெற்று வரிகளில் பொங்கலும் தீபாவளியும் எழுதினோம். ‘தீபாவளி, முந்தின நாள் மாலை 6 மணி முதல்’ என்று நான் சொன்னதும், ஏன் முந்தின நாள் என்று சமரசம் செய்தவர் கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே என் கணவர் சொன்னார்: “விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். பிள்ளை இரவே வீட்டில் இருக்க வேண்டும்.” அந்த 14 மாதங்களில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று பேசிய ஒரே இடம் அதுதான். இரட்டைப்படை ஆண்டு எனக்கு, ஒற்றைப்படை ஆண்டு அவருக்கு என்று எழுதப்பட்டது.

2023 ஏப்ரலில் தீர்ப்பு தபாலில் வந்தது. எல்லாம் எழுத்தில் முடிந்துவிட்டதால் நீதிபதி முன் நிற்கவே இல்லை. அந்த ஆண்டுத் தீபாவளி அவருடையது. விடிகாலை 5 மணிக்குத் தொலைபேசி அடித்தது. எண்ணெய் காய்ச்சும்போது மிளகு எத்தனை போட வேண்டும், சீரகத்தை எப்போது போட வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். பின்னால் மகன் தூக்கக் கலக்கத்தில் சிணுங்குவது கேட்டது.