போல்ட் சுற்றுகிறது, ஆனால் கழன்று வரவில்லை

காரின் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க் கை) அசையும் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷை மாற்ற சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். இரண்டு மணி நேர வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். ஞாயிறு சாயங்காலம்தான் கார் மறுபடி நாலு சக்கரத்தில் நின்றது, அதில் முக்கால்வாசி நேரத்தை ஒரே ஒரு போல்ட் தின்றது.

நட்டு என்னவோ சமர்த்தாகக் கழன்றுவிட்டது. அப்புறம் போல்ட் தலையில் சாக்கெட்டை மாட்டி நீளக் கம்பியால் இழுத்தேன், கால் சுற்று நகர்ந்தது, ஆச்சு என்று கையை எடுத்தால் கம்பி தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறது! மறுபடி இழுத்தேன், மறுபடி திரும்பியது. பத்து தடவை இந்த விளையாட்டு ஆடிய பிறகுதான் உறைத்தது. மரையில் ஒரு பிடிப்பும் இல்லை. புஷ்ஷுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாய் இருக்குமே, அதன் உள்சுவரோடு போல்ட்டின் உடம்பு துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நேரம் நான் முறுக்கிக்கொண்டிருந்தது ரப்பரை.

எங்கே பிடித்திருக்கிறது என்று தெரியாமல் பலத்தைக் காட்டி என்ன பயன்? மரையில் துரு என்றால் வயர் பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் முதலில் ஒரு இழை இறுக்கிப் பார்த்து அப்புறம் கழற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். குழாய்க்குள் ஒட்டியதற்கு இது போதாது, எண்ணெய் இரண்டு ஓரத்தில் மட்டும் நனைக்குமே தவிர உள்ளே போகாது. நானும் ஊறவைத்தேன். நட்டை நுனியோடு சமமாகத் திருகி வைத்து (வெறும் நுனியில் அடித்தால் அது விரிந்துபோய் துளை வழியாக வரவே வராது) சுத்தியலால் அடித்தேன். அடிமேல் அடித்தால் அம்மியும் நகருமாம், இது நகரவில்லை.

நெருப்பு காட்டலாம் என்று ஆசை வந்தது. ஆனால் புஷ் ரப்பர் எரிந்து புகையும், பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் ஓடுகிறது. அதைவிட முக்கியம், பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீயைக் கொண்டுபோகவே கூடாது. குளோரின் கலந்த வகை சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும்.

கடைசியில் அறுத்தேன். புஷ்ஷை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இரும்புப் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இரும்பு அறுக்கும் பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் வெட்டினால் ஆர்ம் அப்படியே கீழே இறங்கிவிடுகிறது. எப்படியும் புஷ் புதுசு, போல்ட்டும் புதுசு, எதற்கு இவ்வளவு மரியாதை! புது போல்ட்டை முன்னாலேயே வாங்கி வைக்காததுதான் என் முட்டாள்தனம்.

லிங்க் ராடு (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டு) வேறு ரகம். நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் ஆலன் கீ போட ஒரு குழி இருக்கும், அதில் அடைந்த துருவைக் குத்தி எடுத்துவிட்டுக் கீயை அடி வரை இறக்கிப் பிடிக்க வேண்டும். குழி உருண்டுவிட்டால் அதையும் அறுக்கத்தான் வேண்டும். ஆர்மையும் சக்கரப் பகுதியையும் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்டில் மரை இல்லாத பகுதிதான் ஒட்டும், அது கூம்பு வடிவம். நட்டை இரண்டு மூன்று மரையில் விட்டுவிட்டு, அந்தக் கூம்பு உட்கார்ந்திருக்கும் துளையைச் சுற்றிய இரும்பின் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு போடு, டொக்கென்று விடும். எல்லாவற்றுக்கும் 6 முனை சாக்கெட்தான், 12 முனை தலையை உருட்டிவிடும்.

நீளக் கம்பியைத் தொங்கி இழுப்பவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உச்சியின் நடு நட்டைத் தொடவே தொடாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது போல்ட்டின் வழவழப்பான உடம்பில் மட்டும் துருத் தடுப்பு கிரீஸ் மெல்லிசாகத் தடவினேன். மரையில் தடவினால் அதே டார்க்குக்கு (இறுக்கும் முறுக்கு விசைக்கு) போல்ட் அதிகமாக இழுபடும். கடைசி இறுக்கலை, காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் செய்தேன். தொங்கவிட்டபடி இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும், அது எவ்வளவு முறுக்கும் என்பதைத்தான் சனிக்கிழமை முழுக்க என் கையாலேயே பார்த்திருந்தேனே.