"நல்ல மனுஷன்தான், குடிச்சாத்தான் இப்படி"

மகளிர் காவல் நிலைய வாசலில் மாமியார் சொல்வதும் இதுதான், அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வெளியே, குடித்துவிட்டு வண்டி ஓட்டி மோதினவனின் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதும் இதுதான். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராக இரண்டு இடங்களுக்கும் ஆட்களோடு போய் வருகிறேன், இந்த வசனம் எனக்கு அலுத்தே போய்விட்டது. தானாக விரும்பிக் குடித்தவன் போதையைச் சாக்குச் சொல்லித் தப்பிக்கப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இடமில்லை, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இடமில்லை. (அரசே டாஸ்மாக் நடத்துகிறதே என்று கேட்பீர்கள். கேளுங்கள், அது வேறு சண்டை.)

விபத்து நடந்த அன்று அடிபட்டவரின் வீட்டுக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. ஆனால் பின்னால் தேவைப்படும் காகிதம் பாதி அன்றைக்குத்தான் உருவாகிறது. ஓட்டினவனுக்கு ரத்தம் எடுத்தார்களா என்று கூடப் போகிறவர்தான் கேட்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு பாயும், ஆனால் மணி ஆக ஆக அளவு இறங்கிக்கொண்டே வரும், "காலைல பாத்துக்கலாம்" என்று விட்டால் காலையில் பார்க்க ஒன்றும் இருக்காது. அப்புறம் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (காயம் எப்படி வந்தது என்று டாக்டர் எழுதும் விபத்துப் பதிவு), எஃப்.ஐ.ஆர். நகல். புகார் கொடுத்தவருக்கு அந்த நகல் இலவசம், அதற்கு யாரும் காசு கேட்கக் கூடாது.

அதே வராந்தாவில் கேஸ் பிடிக்கும் புரோக்கர்களும் சுற்றுவார்கள். கணவர் ஐ.சி.யூ.வில், அவருடைய செருப்பைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஒருத்தர் வந்து முதலில் டீயை நீட்டினார், அப்புறம் பேனாவை. எதுவும் நிரப்பாத வக்காலத்து, அதாவது நமக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள். தயவுசெய்து வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓட்டினவனுக்கு அபராதம் போட்டதோடு கேஸ் முடிந்தது என்று நினைத்து நிறைய குடும்பங்கள் வீட்டிலேயே இருந்துவிடுகின்றன. இழப்பீடு தனி வழக்கு, கோர்ட்டில் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்பார்கள். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். "டிரைவர் குடிச்சிருந்தார், நாங்க தர மாட்டோம்" என்று இன்சூரன்ஸ்காரர்கள் சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடவும் கூடாது. முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று பல வழக்குகளில் உத்தரவாகியிருக்கிறது.

வீட்டுக்குள் அடி வாங்குகிறவர் நிலைமை இதைவிடச் சிக்கல், ஏனென்றால் அடித்தவனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருவான். டாக்டர் கேட்கும்போது அவன் பக்கத்திலேயே நிற்பான், அவள் "வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள், ஏ.ஆர். காப்பியிலும் அப்படியே ஏறிவிடும். ஒரு நர்ஸ் அக்கா இதற்கென்றே வழி வைத்திருக்கிறார். "சார், கீழ போய் இந்த மாத்திரைய வாங்கிட்டு வாங்க" என்று ஆளை அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, மறுபடி கேட்பார். இரண்டாவது தடவை வரும் பதில் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

ஸ்டேஷனில் "சமாதானமா போங்கம்மா" என்றால் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கேட்டு வாங்குங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவர் மூலமாகவே மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வீடு கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் அவளை அவர்கள் இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது. பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்றிதழெல்லாம் தேவையில்லை, எண் 15100. ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181.

கூடப் போகிறவர்கள் சார்ஜர், ரெண்டு இட்லி, ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். எந்த அதிகாரி எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கேள்வி அவளிடம் கேட்டால் அவளே பதில் சொல்லட்டும், நடுவில் புகுந்து பேசாதீர்கள். வண்டி ஓட்டினவனின் சித்தப்பா பணக் கவரோடு வந்தால், வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று திருப்பி அனுப்புங்கள்.