தேவைப்படுவதே வாழ்வாகிவிடும்போது

ஒருவர் மீது நாம் கொண்ட அக்கறை, அவருக்கு நாம் தேவைப்பட்டால்தான் நமக்கு மதிப்பு என்ற நிலைக்கு எப்போது நகர்ந்தது என்பது, அந்த உறவுக்குள் இருக்கும்வரை எளிதில் புலப்படுவதில்லை. உளவியலாளர்கள் கோடிபென்டன்சி என்று குறிப்பிடும் இந்த நிலையைத் தமிழில் இணைச்சார்பு எனலாம். அளவுக்கு மீறிய அன்பு என்று பலர் இதைச் சுருக்கிவிடுகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு அன்பு செலுத்தினாலும் தவறில்லை. தன் மதிப்பு முழுவதையும் இன்னொருவரின் தேவையிடம் அடகு வைத்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எனக்கு நெருக்கமான ஒரு பெண்மணி, மாலையில் வாசற்கதவில் சாவி திரும்பும் ஓசையைக் கேட்டே கணவரின் அன்றைய மனநிலையைக் கணித்துவிடுவார். ஓசையில் கடுமை தெரிந்தால், பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். குடித்த கணவரால் மறுநாள் எழ முடியாதபோது, அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, அவருக்குக் காய்ச்சல் என்பார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "அவர் நன்றாக இருந்தால் போதும்" என்றார். அவருக்கு இல்லை, உங்களுக்கு என்று மீண்டும் கேட்டபோது, அவரிடம் பதில் இல்லை.

பின்னர் கணவர் சிகிச்சை பெற்றுக் குடியை விட்டார். தன் வேலைகளைத் தானே கவனித்துக்கொள்ளத் தொடங்கினார். அந்தப் பெண்மணிக்கு மகிழ்ச்சி இருந்தது. கூடவே, யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு வெறுமையும் வந்து சேர்ந்தது. அந்த வெறுமையைப் பார்த்த பிறகுதான் இணைச்சார்பு என்னவென்று எனக்குத் தெளிவாக விளங்கியது: தாங்கப்படுபவர் மட்டுமல்லாமல், தாங்குபவரும் சார்ந்தே நிற்கிறார்.

இக்கருத்து உருவானதே குடிநோயாளிகளின் குடும்பங்களைக் கவனித்ததிலிருந்துதான். அமெரிக்காவில் 1935இல் குடிநோயாளிகளுக்காக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சுயஉதவி அமைப்பு தொடங்கப்பட்டது. அவர்களுடைய குடும்பத்தினருக்கென்று 1951இல் அல்-அனான் என்ற அமைப்பு உருவானது. குடிப்பழக்கத்துக்கு நீங்கள் காரணமல்ல, அதை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பது அங்கே வருபவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடங்களில் ஒன்று. 1980களில் இந்தச் சிந்தனை குடியோடு தொடர்பில்லாத உறவுகளுக்கும் விரிந்தது. மனநல மருத்துவர் டிம்மன் செர்மாக் இதை ஓர் ஆளுமைக் கோளாறாக வகைப்படுத்த வேண்டும் என்று 1986இல் வாதிட்டார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது இன்றுவரை சேர்க்கப்படவில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். பெரும்பாலும் சிறுவயதிலேயே, வீட்டுப் பெரியவர்களின் முகக்குறிப்பைப் பார்த்து நடந்துகொண்டால்தான் பாதுகாப்பு என்று கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்துக்கு நோயின் முத்திரை எதற்கு?

ஓர் எச்சரிக்கையும் அவசியம். அடிக்கும் துணைக்கு அஞ்சி அடங்கிப்போகும் ஒருவரை இணைச்சார்புடையவர் என்று அழைப்பது, வன்முறையின் பழியைப் பாதிக்கப்பட்டவர் மீதே சுமத்துவதாகும். அவருக்கு முதலில் தேவை பாதுகாப்பு. அவரது மனப்பாங்கைப் பற்றிய பாடம் அல்ல.

அத்தகைய அச்சம் இல்லாத உறவுகளில், மாற்றம் மிகச் சிறிய மறுப்புகளில் தொடங்குகிறது. அடுத்த முறை அலுவலகத்துக்கு அவரே பேசட்டும் என்று விட்டுவிடுவது அவற்றில் ஒன்று. உடனே எதிர்த்தரப்பிலிருந்து கோபமும், "நீ மாறிவிட்டாய்" என்ற குற்றச்சாட்டும் வரக்கூடும். நமக்குள்ளேயும் குற்றவுணர்வு கிளம்பும். தவறு செய்துவிட்டதற்கான அடையாளமாக அந்த உணர்வை எடுத்துக்கொண்டு பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுபவர்கள் ஏராளம். நெடுங்காலப் பழக்கம் ஒன்று உடையும்போது எழும் வலிதான் அது. மனநல ஆலோசகர் ஒருவரின் துணையோடு அதைத் தாங்கக் கற்றுக்கொள்ள முடியும்.